விட்ட இடத்தைப் பிடிப்பது: ஆள் நிறைந்த வீட்டில் எழுதத் தொடங்குபவருக்கு

கொழும்பு, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு ஹோல், ஹோலோடு ஒட்டிய குசினி. அதற்குள் ஐந்து பேர்: நான், பிள்ளைகளின் அப்பா, ஒன்பதாம் ஆண்டு படிக்கும் மகள், ஐந்தாம் ஆண்டு மகன், மாமி. கோட்டையில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. பத்து வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். முதல் நான்கு வருடத்தில் முடித்த கதைகள் இரண்டு. அடுத்த ஆறு வருடத்தில் பத்தொன்பது. இடையில் வீட்டு வேலை குறையவில்லை, பிள்ளைகள் வளர வளரக் கூடித்தான் போனது. எழுத்தை எப்படி நிறுத்தி வைப்பது என்று கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நேரமில்லை என்று எல்லோரும் சொல்கிறோம். எண்ணிப் பார்த்தால் துண்டு துண்டாக நேரம் இருக்கத்தான் செய்கிறது. அறுந்துபோவது கதையின் இழை. அரை மணித்தியாலம் கிடைக்கும். அதில் இருபது நிமிடம் போன கிழமை எங்கே விட்டோம், இந்தப் பெண் ஏன் படியில் நிற்கிறாள் என்று தேடுவதில் போய்விடும். மனது உள்ளே இறங்கும்போது குசினியில் பால் பொங்கும். எனவே கீழே சொல்வதெல்லாம் ஒரு விஷயத்துக்காகத்தான்: இழை அறுந்தாலும் உடனே முடிச்சுப் போடக்கூடிய மாதிரி வேலையை வைத்திருப்பது. கதை, கவிதை எழுதுபவரை நினைத்தே சொல்கிறேன். வரைபவருக்கும் பாடுபவருக்கும் பெரும்பாலானது பொருந்தும்.

முதலில் ஒரு கிழமை குறித்துப் பாருங்கள்

புதிதாக அட்டவணை போட வேண்டாம். ஞாயிறு முதல் சனி வரை நடப்பதை நடந்தபடி குறியுங்கள். எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், பள்ளிக்கூட வான் எப்போது வந்தது, எந்த நேரம் உங்களை ஒருவரும் கூப்பிடவில்லை.

இதை எனக்குக் கற்றுத் தந்தது 2022ஆம் ஆண்டின் மின்வெட்டு. அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. எந்தப் பகுதிக்கு எப்போது என்று வெளியிட்ட அட்டவணையை ஃபிரிஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தோம். தண்ணீர் ஏற்றுவது, சட்டை அயன் பண்ணுவது, போன் சார்ஜ் போடுவது எல்லாம் அதைப் பார்த்துத்தான். மின்சாரம் இருக்கும் மணித்தியாலத்தை இவ்வளவு கவனமாக எண்ணிச் செலவழிக்கும் நான், என் சொந்த நேரத்தை ஒருநாளும் எண்ணவில்லையே என்று அப்போது உறைத்தது.

குறித்து முடிந்ததும் ஒவ்வொரு இடைவெளிக்கும் பக்கத்தில் இன்னொன்றை எழுதுங்கள்: அந்த நேரம் கை சும்மா இருந்ததா, தலை சும்மா இருந்ததா? இது முக்கியம். என் கிழமை இப்படி வந்தது. விடிய 4.40 முதல் 5.20 வரை, தேங்காய் திருவத் தொடங்கும் முன், கையும் சும்மா தலையும் சும்மா. இடியப்பம் பிழியும்போதும் ரயிலில் நெரிபட்டு நிற்கும்போதும் கைக்கு வேலை, தலைக்கு இல்லை. சனிக்கிழமை மகளின் ரியூசன் வாசலில் ஒன்றரை மணித்தியாலம் கை சும்மா, ஆனால் சுற்றிவரச் சத்தம். இரவு ஒன்பதுக்குப் பிறகு கை சும்மா, தலை களைத்துப்போயிருக்கும்.

இப்போது வேலையைப் பிரிக்கலாம். இரண்டும் சும்மாவாக இருக்கும் அந்த அருமையான நாற்பது நிமிடத்தில் புதிதாக எழுதுவதைத் தவிர வேறொன்றும் செய்யாதீர்கள். வாட்ஸ்அப் திறந்தால் அந்த நாள் போனது. இடியப்பத்துக்கும் ரயிலுக்கும் யோசனை: அடுத்து என்ன நடக்கும், இந்த மனிதர் எப்படிப் பேசுவார். ரியூசன் வாசலில் வாசிப்பு, பழைய பக்கத்தில் பிழை திருத்தம். களைத்த இரவில் தட்டச்சு. களைத்த நேரத்தில் புதுப்பக்கம் எழுத முயன்று, வரவில்லை என்று அழுது, எழுத்தையே விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் திறமை இருந்தது. தவறான மணித்தியாலத்தில் உட்கார்ந்தார்கள்.

இன்னொரு புதையல் போயா. ஒவ்வொரு மாதமும் பூரணையில் விடுமுறை. கந்தோர் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, காலி வீதியும் கொஞ்சம் அடங்கியிருக்கும். வருடத் தொடக்கத்திலேயே கலண்டரில் எல்லாப் போயாவையும் வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு மணித்தியாலம் உங்களுடையது என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

வெட்டினாலும் கெடாத வேலையை எடுங்கள்

தொடக்கத்திலேயே நாவல் வேண்டாம். நாவலைப் பிடித்துவைத்திருக்கத் தலையில் பெரிய இடம் வேண்டும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த இடத்தைத் தடுப்பூசித் திகதியும் காஸ் சிலிண்டரும் பிடித்துவிடும். இரண்டாயிரம் சொல்லுக்குள் ஒரு கதையை நினையுங்கள். அதையும் நான்கைந்து காட்சியாக உடையுங்கள். ஒரு காட்சிக்கு ஓர் இடம், இரண்டு ஆட்கள். கதை எழுதப் போகிறேன் என்று உட்காராமல், படிக்கட்டுக் காட்சியை எழுதப் போகிறேன் என்று உட்காருங்கள். ஐந்து விடியலில் ஒரு காட்சி முடியும்.

மூடும் முன் மூன்று வரி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒன்றே ஒன்று. பாதி போனில், பாதி கடிதக்கூட்டின் பின்பக்கத்தில், பாதி கந்தோர் மேசையில் என்று சிதறினால் தேடும் நேரம்தான் கூடும். இடப்பக்கத்தில் கதை, வலப்பக்கத்தில் குறிப்பு. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் திகதி போடுங்கள்.

எழும்பும் முன், என்ன அவசரமானாலும், வலப்பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி, இப்போது யார் எங்கே நிற்கிறார், என்ன மனநிலையில். இரண்டாம் வரி, அடுத்து நடக்கப்போவது. மூன்றாம் வரி, அடுத்த வசனத்தின் பாதி. பாதிதான். முடிக்கக் கூடாது.

ஒரு கதையில் நான் விட்ட மூன்று வரி இது:

“செல்லம்மா கோட்டை ஸ்டேஷன் படியில். செருப்பு அறுந்தது அவளுக்கு மட்டும் தெரியும், வெட்கம்.
மருமகன் போன் எடுப்பான். அவள் உண்மையைச் சொல்லமாட்டாள்.
‘இல்லைத் தம்பி, நான் இப்ப…’”

இதை எழுதிய மறுநாள் மகனுக்குக் காய்ச்சல். பிறகு கந்தோரில் கணக்கு முடிக்கும் மாதக் கடைசி. பதினொரு நாள் கழித்துத்தான் கொப்பியைத் திறந்தேன். மூன்றாம் வரியை வாசித்ததும் பேனை தானாக ஓடியது. “நான் இப்ப” என்று நின்றவள் என்ன பொய் சொல்வாள் என்பது பதினொரு நாளும் எனக்குள் எங்கேயோ ஊறியிருக்க வேண்டும். இந்தப் பாதி வசனத்தின் வேலை அதுதான். முடித்த வசனத்தை மனது மறந்துவிடும். முடிக்காததைப் பருப்புக் கழுவும்போதும் சுமந்துகொண்டு திரியும்.

நன்றாக வரும்போது நிறுத்த மனம் வராது. ஆனாலும் அப்போதே நிறுத்துங்கள். வற்றும்வரை இறைத்துவிட்டு எழும்பினால் அடுத்த நாள் வெறுங்கிணற்றைத்தான் பார்க்கவேண்டி வரும். நாற்பது நிமிடத்தில் கடைசி மூன்று நிமிடம் இந்த வரிகளுக்கு என்று ஒதுக்கி, போனில் மணி வைத்துவிடுங்கள்.

மூன்று நிமிடமும் கிடைக்காத நாள் வரும். பிள்ளை விழுந்துவிட்டான், கதவில் ஆள். அப்போது மூன்றாம் வரியை மட்டும் எழுதுங்கள். அதுவும் முடியாவிட்டால் போகிற வழியில் போனில் குரலாகப் பதிந்து, இரவு கொப்பியில் ஏற்றிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். “ஒரு நிமிசம் பொறு” என்று நான் சொன்ன காலத்தில் அந்த ஒரு நிமிடம் எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்று வரி என்றால் கண்ணால் பார்க்கக்கூடிய அளவு. மகன் வந்து தோளோடு சாய்ந்து நின்று வரிகளை எண்ணுவான். இப்போது தூரத்திலிருந்தே, “அம்மா, மூண்டு வரி எழுதிட்டு வாங்கோ” என்றுதான் கூப்பிடுகிறான்.

வரைபவர்கள் இதையே வேறுவிதமாகச் செய்யலாம்: அடுத்து எந்த நிறம், எந்த மூலை என்று படத்தின் பின்னால் பென்சிலால் குறித்து, ஒரு கோட்டைத் தொடங்கிவிட்டு எழும்புவது. சின்ன வயதில் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகள் எழுதி, கலியாணத்தோடு வீணையை உறையில் போட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு நான் சொல்வது, ஒரு கீர்த்தனையின் சரணத்தில் ஒரு வரியைப் பாதியில் நிறுத்தி, எங்கே நின்றது என்று பாட்டுக் கொப்பியில் அடையாளம் வையுங்கள். உறையை மட்டும் திரும்பப் போட வேண்டாம்.

வீட்டாரிடம் வாய்திறந்து கேட்பது

நான் நான்கு வருடம் ஒளித்து எழுதினேன். எல்லோரும் படுத்த பிறகு, களவு வேலை மாதிரி. யாராவது எழும்பி வந்தால் எரிச்சல். என் முகத்தைப் பார்த்த வீட்டார், ஏதோ கோபம் என்று நினைத்து ஒதுங்கினார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, இவர்கள் இடம் தருகிறார்கள் இல்லை என்று மனதுக்குள் வழக்கு வைத்திருந்தேன். அது அவர்களுக்கு நான் செய்த அநியாயம்.

கேட்கும்போது எனக்கு நேரம் வேண்டும் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அதற்கு ஓம் என்று சொல்வது எவருக்கும் இலகு, செய்து காட்டுவது கஷ்டம். நாள், மணி, அந்த நேரத்தில் யார் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பிள்ளைகளின் அப்பாவிடம் நான் கேட்டது இப்படி:

“இஞ்சருங்கோ, செவ்வாயும் வியாழனும் இரவு எட்டரையில இருந்து ஒன்பதரை மட்டும் நான் கதவைச் சாத்திப்போட்டு எழுதவேணும். அந்த நேரம் பிள்ளையளின்ர படிப்பையும் மாமியின்ர மருந்தையும் நீங்கள் பாருங்கோ.”

“ரெண்டு நாள்தானே? இதை நீர் முதலே சொல்லியிருக்கலாமே.”

முதல் மாதம் மருந்து இரண்டு தரம் பிந்தியது. வெளியே வந்து நானே எடுத்துக் கொடுக்கக் கை துடித்தது. கொடுக்கவில்லை. ஒருமுறை எழும்பி வந்தால், அந்த நேரமும் வீட்டு நேரம்தான் என்று எல்லோரும் நினைத்துவிடுவார்கள். அதேபோல, ஒன்பதரை என்றால் ஒன்பதரைக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். நீங்கள் மணியைக் காப்பாற்றினால்தான் அவர்களும் காப்பாற்றுவார்கள். வாங்கியதைத் திருப்பியும் கொடுக்க வேண்டும். அவருக்குச் சனி மாலை நண்பர்களோடு கிரிக்கெட் இருக்கிறது. அந்த நேரத்தில் நான் ஒரு வேலைக்கும் கூப்பிடுவதில்லை.

மாமியின் கதை வேறு. விடிய வெளிச்சம் போட்டால் அவவின் நித்திரை குழம்பும். “ஏன் பிள்ளை, இந்த இருட்டுக்குள்ள இருந்து என்ன எழுதுறாய்?” என்று பலநாள் கேட்டா. கணக்கு வேலை என்று சொல்லித் தப்பினேன். ஒருநாள் வெட்கத்தை விட்டு, எழுதிக்கொண்டிருந்த பக்கத்தை வாசித்துக் காட்டினேன். ஊர்க் கிணற்றடிக் காட்சி. முழுதும் கேட்டுவிட்டு, “கப்பி எண்டு எழுதியிருக்கிறாய். அந்தக் காலத்தில எங்கட தோட்டக் கிணத்தில துலாதான். துலா மிதிக்கிற ஆளையும் எழுது” என்றா. துலா என்றால் ஆள் ஏறி மிதித்துத் தண்ணீர் இறைக்கும் நீண்ட மரம். அந்தத் திருத்தம் கதையையே தூக்கி நிறுத்தியது. அன்றிலிருந்து என் முதல் வாசகர் அவதான். மேசை விளக்கின் மேல் பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கட்டி, வெளிச்சம் கட்டில் பக்கம் போகாமல் செய்ததும் அவவே.

இதை வாசிப்பவர் ஆணாக இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா எழுதினால் வீடு வாய்பொத்தி நிற்கும். அம்மா எழுதினால் இரவுச் சாப்பாடு என்ன என்று கேட்கும். உங்கள் அமைதியான இரண்டு மணித்தியாலத்தை யார் தன் உழைப்பால் உண்டாக்கித் தருகிறார் என்று, அந்த ஒரு கிழமைக் குறிப்பில் அதையும் குறியுங்கள். குறித்தபின் அவருக்கும் அதே அளவு நேரம் ஒதுக்குங்கள். பாட வேண்டும், தைக்க வேண்டும், ஒன்றும் செய்யாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவருக்கும் இருக்கும்.

இடம்

தனி அறை வேண்டியதில்லை. எப்போதும் ஒரே கதிரை, ஒரே மூலை போதும், உடம்பு பழகிவிடும். எனக்குச் சாப்பாட்டு மேசையின் யன்னற்பக்க நுனி. வீட்டில் முடியாத நாளுக்கு வெளியே ஓரிடம் தெரிந்து வைத்திருங்கள். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் இருக்கிறது. அதன் நூலகத்தில் ஈழத்து நூல்களை எடுத்துப் புரட்டியபடி இருக்கலாம். கொஞ்சம் தூரம் போக முடிந்தால் விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகே கொழும்புப் பொது நூலகம். விடுமுறை நாளில் திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டுப் போங்கள். கடலோரமாகப் போகும் மரைன் டிரைவில் எழுத முயலவேண்டாம், காற்று பக்கத்தைப் பிய்க்கும். யோசித்தபடி நடக்க அதைப்போல இடம் இல்லை.

எல்லாம் குலையும் காலம்

பிள்ளைகளின் புலமைப்பரிசில், ஓ.எல்., ஏ.எல். பரீட்சை வருடம். ஆடி, ஆவணியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் சொந்தக்காரர், ஹோலில் விரித்த பாய்கள். செத்தவீடு, கலியாணவீடு. இவை வரும் என்று தெரிந்தும், ஒவ்வொரு முறையும் இடி விழுந்தமாதிரி நிலைகுலைந்து எழுத்தை விடுகிறோம். எனவே முன்கூட்டியே ஒரு சின்ன அளவு தீர்மானித்து வைத்திருங்கள். எனக்கு அது நாளுக்கு ஒரு வரி. கதைக்கான வரியாக இருக்கத் தேவையில்லை. அன்று கண்ட ஒன்று, கேட்ட ஒன்று.

மகனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு நாளும் அதைத்தான் செய்தேன். கதையை நினைக்கவே மனம் இல்லை. காலையும் மாலையும் இரத்தம் எடுத்து, இரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எத்தனை என்று வரும் அந்தத் துண்டுக்காகவே உயிர் இருந்தது. ஆனாலும் இரவில் ஒரு வரி. பக்கத்துக் கட்டில் சிங்களத் தாய் தன் மகளுக்குக் கொண்டுவந்த இளநீரில் பாதியை என் பிள்ளைக்கு ஊற்றியது. நுளம்புவலைக்குள் மூன்று சின்னப் பிள்ளைகள் ஒரே போனில் கார்ட்டூன் பார்த்தது. ஒரு தாதி ஒவ்வொரு பிள்ளையையும் “ராசா” என்று கூப்பிட்டது. எழுத்துக்காக அங்கே நான் இருக்கவில்லை. அந்த வரிகள் என்னைத்தான் பிடித்து வைத்திருந்தன.

அந்தக் காலம் முடிந்து திரும்பும்போது, விட்ட கதைக்கு நேரே போகாதீர்கள். முதல் நாள் பழைய மூன்று பக்கத்தைக் கையால் திரும்பப் பிரதி எழுதுங்கள். கை முன்னே போகும், தலை பின்னால் வந்து சேரும்.

வீட்டுக் கதை யாருடைய கதை

வீட்டுக்குள் இருந்து எழுதுகிறவருக்கு வீடே கதை தரும். அங்கேதான் கவனம் வேண்டும். மகள் தோழிக்கு எழுதிய ஒரு கடிதத்தின் நாலு சொல்லை ஒரு கதையில் வைத்தேன். பெயர் வேறு, ஊர் வேறு. அச்சில் வந்ததும் அவள் வாசித்தாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், “அது என்ர சொல் அம்மா” என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் சட்டம் இது. வீட்டில் ஒருவரிடமிருந்து எடுத்தது கதையில் இருந்தால், அனுப்பும் முன் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இந்த உரிமை பெரியவர்களைவிடக் கூட. வெளியாட்களை எழுதும்போதும் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. வெள்ளவத்தையில் ஒழுங்கை நம்பரை எழுதினாலே ஆளைப் பிடித்துவிடுவார்கள். வயதை, தொழிலை, உறவுமுறையை மாற்றுங்கள். மாற்றும்போது கதை சொந்தக் காலில் நடக்கத் தொடங்குவதையும் காண்பீர்கள்.

அனுப்புவது

முடித்த கதையை ஒரு மாதம் மூடிவைத்து, பிறகு ஒரே இருப்பில் சத்தமாக வாசியுங்கள். போயா நாள் இதற்கு நல்லது. நாக்கு இடறும் இடத்தில் வசனம் பிழை.

யூனிகோட்டில் தட்டச்சு செய்யப் பழகுங்கள், போனிலேயே முடியும். சில இடங்களில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கேட்கக்கூடும், மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றியபின் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள். வீரகேசரி, தினக்குரல், தினகரன் வாரமஞ்சரி ஆகியவற்றின் ஞாயிறு இதழ்களை இரண்டு மாதம் தொடர்ந்து வாசித்து, எந்த நீளத்தில் என்ன மாதிரி எழுத்தைப் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகத்தில் மல்லிகை, ஞானம் போன்ற சஞ்சிகைகளின் பழைய இதழ்களை இலவசமாக வாசிக்கலாம். ரியூசன் வாசலில் என் வாசிப்பெல்லாம் அங்கேதான். 1966இல் மல்லிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் சலூன் நடத்திக்கொண்டே அதைச் செய்தவர் என்பது, வேலை கூடிய நாட்களில் எனக்குத் துணையாக இருக்கும்.

ஒரு கதையை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கே அனுப்புங்கள். அனுப்பிய திகதியைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறியுங்கள். பத்துப் பன்னிரண்டு கதை சேர்ந்து தொகுதி போடும் எண்ணம் வந்தால், புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணை கொழும்பு 7, சுதந்திர மாவத்தையில் உள்ள தேசிய நூலகத்தில் பெற வேண்டும். அச்சகத்துக்குப் போகும் முன்னரே அதை எடுத்துவிடுங்கள்.

பதில் வருமா என்று காத்திருக்கும் மாதங்கள் நீளம். அதனால் அனுப்பிய அன்றிரவே கொப்பியில் புதுப் பக்கம் திருப்பி, அடுத்த கதைக்கு மூன்று வரி எழுதிவிட்டுப் படுங்கள். என் கொப்பியில் இன்றைக்கு இருப்பது:

“மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கி வழிகிறது. விடிய இரண்டு மணி. எழும்பியவள் கமலா மட்டும்.
மேலே போவாள். அங்கே வேறொருவரும் நித்திரையில்லாமல் நிற்பார்.
‘நீங்களும் இந்தச் சத்தத்துக்கா…’”